கலைச்சொல் வேண்டல்: ஹீட்டிங் ஆயில், பிளெண்ட், ரெகுலேட்டரி காஸ்ட்

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களைப் பற்றிய கட்டுரையொன்றைத் தமிழில் எழுதிவருகிறேன். மூன்று சொற்கள் பிடிபடவில்லை.

ஹீட்டிங் ஆயில் என்பது பனிக்காலத்தில் கொதிகலனில் எரித்து வீட்டைச் சூடாக்கும் எண்ணெய். ஏறக்குறைய டீசல்தான், சாலை வரி இல்லாததால் சிவப்புச் சாயமிட்டு விற்கிறார்கள். ‘சூடேற்றும் எண்ணெய்’ என்றால் வாணலியில் காய்வதாக நினைத்துவிடுவார்கள். குளிர் காய்தல் என்று நம்மிடம் இருக்கிறதே, ‘குளிர்காய் எண்ணெய்’ எனலாமா?

நியூயார்க் மாநிலத்தில் 2022 ஜூலை முதல் இதில் 5 விழுக்காடு உயிரி டீசல் (தாவர எண்ணெய், பழைய சமையல் எண்ணெய் போன்றவற்றிலிருந்து செய்யும் எரிபொருள்) கட்டாயம். 2025இல் 10, 2030இல் 20 என்று சட்டம் ஏற்றிக்கொண்டே போகிறது. இந்த ‘பிளெண்ட்’டுக்கு என்ன சொல்வது? இதை முறைப்படுத்த அரசுக்கு ஆகும் செலவுக்கு?

----

> ‘குளிர்காய் எண்ணெய்’ எனலாமா?

அருமையான சொல். பிறர் துன்பத்தில் குளிர்காய்வது என்ற வழக்கு குறுக்கே வருமோ என்று யோசித்தேன். ‘எண்ணெய்’ சேர்ந்ததும் அந்தப் பொருள் விலகிவிடுகிறது.

‘கலப்பு’ மட்டும் வேண்டாம். டீசலில் மண்ணெண்ணெய்க் கலப்படம் என்று படித்துப் பழகிய கண்ணுக்கு அது குற்றமாகத் தெரியும். இங்கே கலக்காமல் விற்பதுதான் குற்றம். ‘கலப்பளவு’ என்றால் அளவு விதித்துக் கலப்பது புரியும்.

செலவுக்கு ‘ஒழுங்குமுறைச் செலவு’ போதுமே, ஐயா?

----

‘கலப்பளவு’ எடுத்துக்கொண்டேன், நன்றி. ‘ஒழுங்குமுறைச் செலவு’தான் உறுத்துகிறது. அரசு செலவழிக்கிறதா, எண்ணெய் வணிகர் செலவழிக்கிறாரா என்பது அதில் தெரியவில்லை. கட்டுரையின் உயிரே அந்த வேறுபாடுதான்.

அரசின் பக்கம் நடப்பதைப் பாருங்கள். எண்ணெயில் 5 விழுக்காடு இருக்கிறதா, 2 விழுக்காடா என்று கண்ணால் சொல்ல முடியாது. மாதிரி எடுத்து ஆய்வகத்தில் அகச்சிவப்புக் கதிரால் அளக்க வேண்டும். மாதிரி எடுப்பதிலும் சிக்கல். உயிரி டீசல் சற்றே கனமானது. லாரித் தொட்டியில் அப்படியே ஊற்றிச் சரியாகக் கலக்காமல் விட்டால் அடியில் தங்கும். மேலே எடுத்த மாதிரி ஒரு கணக்குச் சொல்லும், அடியில் எடுத்தது வேறு சொல்லும். ஆகவே பல மட்டங்களில் எடுக்க வேண்டும். ஆள், கருவி, பயணம் என்று இச்செலவு ஆண்டுதோறும் வரும். சட்டம் எழுதும் செலவு ஒருமுறைதான்.

‘சோதனைச் செலவு’ என்று சுருக்கவும் மனம் வரவில்லை. மாசசூசெட்ஸ் 2008இல் இயற்றிய சட்டம் கலப்பளவோடு நிற்கவில்லை. மூலப்பொருள் விளைவது முதல் எண்ணெய் எரிவது வரை கணக்கிட்டு, பசுங்குடில் வாயு பெட்ரோலிய எரிபொருளைவிடப் பாதியாவது குறைந்திருக்க வேண்டும் என்றும் கேட்டது. அதை லாரியில் எடுத்த மாதிரி சொல்லாது. சோயா எண்ணெயா, பொரித்து மிஞ்சிய பழைய எண்ணெயா என்று ஏடுகளைப் புரட்டித்தான் அறிய வேண்டும். 2010இல் 2 விழுக்காட்டில் தொடங்கவிருந்த கட்டாயத்தை அம்மாநிலம் அந்த ஆண்டே நிறுத்திவைத்தது.

மாதிரியும் ஏடும் இரண்டும் அடங்க ‘கண்காணிப்புச் செலவு’ என்று அரசுக்கும், விதிக்கு இணங்க வணிகருக்கு ஆவதை ‘இணக்கச் செலவு’ என்றும் பிரித்து எழுதப்போகிறேன். ‘குளிர்காய் எண்ணெயின் கலப்பளவுக் கண்காணிப்புச் செலவு’ — நீளம்தான், ஆனால் யார் பணம் என்று தெரிகிறது. இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.