ஒரு நாளுக்கு எவ்வளவு புரதம் உண்கிறேன்? என் கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது

காலைவெயில்:

வணக்கம். எனக்கு வயது 52, எடை 64 கிலோ. இறைச்சியும் மீனும் உண்பதில்லை; பாலும் முட்டையும் உண்டு. ஆறு மாதங்களாக வாரத்தில் மூன்று நாட்கள் எடைப் பயிற்சி செய்து வருகிறேன். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2 கிராம் புரதம் உண்ணாவிட்டால் செய்வதெல்லாம் வீண் என்று பயிற்சிக்கூடத்தில் சொல்கிறார்கள். ஆண்டுப் பரிசோதனைக்குப் போனபோது மருத்துவரிடம் கேட்டேன், 0.8 கிராம் போதும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஒருவர் கணக்குப்படி எனக்கு 128 கிராம் வேண்டும், மற்றவர் கணக்குப்படி 51 கிராமே போதும். இரண்டில் எதை நம்புவது என்று தெரியவில்லை.

உண்பதை ஒரு வாரம் குறித்துவைத்துக் கூட்டிப் பார்த்தேன். காலையில் ஒரு குவளை பால், 7 கிராம். நண்பகலில் வெந்த பருப்பு 200 கிராம். பருப்பில் 100 கிராமுக்கு 24 கிராம் புரதம் என்று அட்டவணை சொல்வதால் 48 கிராம். ஒரு கிண்ணம் தயிர் 5, மாலையில் ஒரு பிடி நிலக்கடலை 8, இரவில் ஒரு முட்டை 6. ஆக மொத்தம் 74 கிராம். மருத்துவர் சொன்னதைவிட இது அதிகம்தான். ஆனாலும் மூன்று மாதங்களாக ஒரே எடையைத்தான் தூக்கிக்கொண்டிருக்கிறேன். காலை பதினொரு மணிக்கே பசி வயிற்றைக் கிள்ளுகிறது.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். என் தாயாருக்கு வயது 76, எடை 48 கிலோ. உணவு மிகவும் குறைந்துவிட்டது. அவருக்கும் இதே கணக்குத்தானா? புரதப் பொடி வாங்கலாமா?

தராசு:

ஐயா, பிழை உங்கள் பருப்பில் இருக்கிறது. நூற்றுக்கு 24 என்பது உலர்ந்த பருப்புக்கு உரிய எண். வேகும்போது பருப்பு தன் எடையைப் போல ஒன்றரை மடங்கு, சில வேளைகளில் இரண்டு மடங்கு, நீரைக் குடித்துவிடுகிறது. ஆகவே கெட்டியாக வெந்த பருப்பிலேயே 100 கிராமில் 9 கிராம் அளவுக்குத்தான் புரதம் இருக்கும், நீர்க்க வேகவைத்தால் அதைவிடவும் குறையும். நீங்கள் வெந்ததை நிறுத்துவிட்டு உலர்ந்ததன் எண்ணால் பெருக்கியிருக்கிறீர்கள். இந்தத் தவற்றைச் செய்யாதவர்கள் குறைவு. நானே இரண்டு ஆண்டுகள் செய்தேன். இன்று சமைக்கும் முன்னர் குக்கரில் போடும் உலர்ந்த பருப்பை நிறுத்து, உண்பவர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். அதுதான் உங்கள் உண்மையான பங்கு.

மறுபக்கம், வரவு வைக்க வேண்டிய ஒன்றை விட்டுவிட்டீர்கள். அரிசியிலும் கோதுமையிலும் புரதம் உண்டு. வேகாத அரிசியில் நூற்றுக்கு ஏறத்தாழ 7 கிராம், முழுக் கோதுமை மாவில் 12 அல்லது 13 கிராம். நாள்தோறும் நிறைய உண்ணும் பொருள் என்பதால் சிறிய விகிதமும் சேர்ந்து பெரிய எண்ணாகிவிடும். ஆனால் தானியப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் (புரதம் கட்டப்படும் கூறுகளில் ஒன்று) குறைவு. பருப்பிலும் பயறுகளிலும் அது தாராளமாக இருக்கும், அவற்றில் குறைவது மெத்தியோனின் என்ற மற்றோர் அமினோ அமிலம். ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. இரண்டையும் ஒரே வேளையில் சேர்த்து உண்டாக வேண்டும் என்று முன்னர் வலியுறுத்தினார்கள். ஒரு நாளுக்குள் இரண்டும் கிடைத்தால் போதும் என்பதே இன்றைய நிலைப்பாடு. உங்களுக்குப் பாலும் முட்டையும் இருப்பதால் இதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

இனி, அந்த இரண்டு எண்கள். உலக சுகாதார அமைப்பும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் ஐ.நா. பல்கலைக்கழகமும் சேர்ந்து 2007-இல் வெளியிட்ட அறிக்கை, உடல்நலமுள்ள பெரியவர்களின் சராசரித் தேவை கிலோவுக்கு 0.66 கிராம் என்றும், ஏறக்குறைய எல்லோரின் தேவையையும் ஈடுசெய்யும் பாதுகாப்பான அளவு 0.83 கிராம் என்றும் வரையறுத்தது. புரதத்தில் நைட்ரஜன் உண்டு; உடலுக்குள் செல்லும் நைட்ரஜனும் வெளியேறும் நைட்ரஜனும் சமமாகும் புள்ளியைத் தேடி அடைந்த எண் அது. அதாவது, இருப்பதை இழக்காமல் இருக்க இவ்வளவு வேண்டும் என்று பொருள். தசையைக் கூட்ட விரும்புகிறவருக்கு எவ்வளவு வேண்டும் என்பது வேறு கேள்வி. அதற்கு இந்த எண்ணில் விடை தேடக்கூடாது. எடைப் பயிற்சி பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளிவந்த ஒரு பகுப்பாய்வில், கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 கிராமுக்கு மேல் கூட்டுவதால் தசை வளர்ச்சியில் சராசரியாகக் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆகவே உங்கள் மருத்துவர் சொன்னதும் தவறில்லை. பயிற்சிக்கூடத்தில் சொன்னது சற்று மிகை. 1.2 முதல் 1.6 வரை வைத்துக்கொண்டால் உங்களுக்கு 77 முதல் 102 கிராம் வரை வரும். அதற்குள் எங்கே நின்றாலும் போதும்.

மாலைநடை:

தாயாரைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் என் தந்தையின் கடைசி ஆறு ஆண்டுகளில் நாள்தோறும் நான் போராடிய விஷயம் அது.

முதியவர்களுக்குத் தேவை குறைவு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். குறைவது பசிதான், தேவை அன்று. வயதாக ஆக, உண்ணும் புரதத்துக்குத் தசை முன்போல் மறுமொழி சொல்வதில்லை. இளைஞர் ஒருவருக்குப் போதுமான அளவு முதியவரின் தசையைத் தூண்டப் போதாமல் போகிறது. இதனால்தான் 65 வயதைக் கடந்தவர்களுக்குக் கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று 2013-இல் வல்லுநர் குழு ஒன்று பரிந்துரைத்தது. நோயுற்றிருப்பவருக்கு இன்னும் கூடுதல். உங்கள் தாயாருக்கு 48 முதல் 58 கிராம் வரை வருகிறது. 64 கிலோ எடையுள்ள உங்களுக்கு மருத்துவர் சொன்ன அளவும் அதுவும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுவதைக் கவனியுங்கள்.

எண்ணைச் சொல்வது எளிது. பாதி இட்லியோடு தட்டை நகர்த்திவிடும் ஒருவரிடம் அதைச் சொல்லிப் பயனில்லை என்று நீங்கள் கேட்கலாம், நியாயம்தான். தட்டில் எதையும் கூட்டாமல், உள்ளே போவதன் செறிவைக் கூட்டுவது என்பதே எனக்குக் கைகொடுத்த வழி. என் தந்தை காலையில் கஞ்சி மட்டும் குடிப்பார். கொழுப்பு நீக்கிய பால் பொடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதம். அதில் இரண்டு மேசைக்கரண்டியைக் கஞ்சியில் கட்டியில்லாமல் கரைத்துக் கொடுத்தால் குவளையின் அளவு கூடாமலேயே 5 கிராம் சேர்ந்துவிடும். முதல் நாள் கட்டி தட்டியது. குவளையை அப்படியே திருப்பி வைத்துவிட்டார். வெதுவெதுப்பான நீரில் தனியாகக் கரைத்து, வடிகட்டி ஊற்றத் தொடங்கிய பின்னர் அவருக்கு வேறுபாடே தெரியவில்லை. உணவுக்கு முன்னர் தண்ணீரோ தேநீரோ வயிறு நிறையக் கொடுக்காதீர்கள். தட்டில் முதலில் முட்டையையோ தயிரையோ வையுங்கள், சோறு பிறகு வரட்டும். பல்லையும் பாருங்கள். என் தந்தை கடலையை ஏன் ஒதுக்குகிறார் என்று மூன்று மாதம் யோசித்தோம். கடைவாய்ப் பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

கைப்பிடியைப் பற்றாமல் நாற்காலியிலிருந்து உங்கள் தாயாரால் எழ முடிகிறதா என்று மாதம் ஒருமுறை கவனியுங்கள். எடையைவிட அது எனக்கு அதிகம் சொல்லியது. எழுந்து உட்காருவதையே நாளுக்குச் சில முறை பயிற்சியாகவும் செய்யச் சொல்லலாம். வேலை கொடுக்காத தசைக்குப் புரதத்தை மட்டும் கொடுப்பதால் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை.

உப்புக்குறைவு:

மேலே சொன்னவை அனைத்தும் சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு. இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு பயிற்சியாளரின் சொல்லைக் கேட்டு நாளுக்கு மூன்று கரண்டி பொடி குடித்தேன். பிறகு வேறொரு காரணத்துக்காக இரத்தம் பரிசோதித்தபோது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் கூடியிருந்தது. தொடர்ந்து பார்த்ததில் சிறுநீரக நோய் மூன்றாம் நிலையில் இருப்பது தெரிந்தது. பொடிதான் கெடுத்தது என்று உறவினர்கள் முடிவுகட்டினார்கள். மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. கவனிக்காமல் விட்ட இரத்த அழுத்தம் பல ஆண்டுகளாகச் செய்த வேலை அது. பொடி வந்து சேர்ந்தபோது சிறுநீரகம் ஏற்கெனவே பாதியாகியிருந்தது. என் தவறு பொடி குடித்ததன்று, பரிசோதிக்காமல் குடித்தது.

புரதத்தை உடல் சிதைக்கும்போது உண்டாகும் அம்மோனியாவைக் கல்லீரல் யூரியாவாக மாற்றுகிறது; அதைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. நலமான சிறுநீரகம் கூடுதல் சுமையைத் தாங்கிக்கொள்ளும். நலிந்ததற்கு அது கூடுதல் வேலை. இப்போது எனக்கு மருத்துவரும் உணவியல் வல்லுநரும் சேர்ந்து வகுத்த அளவு கிலோவுக்கு 0.6 கிராம். இதைப் படிக்கும் யாரும் இந்த எண்ணைத் தாமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு நிலைமை தலைகீழாகி, புரதத்தைக் கூட்டச் சொல்வார்கள். உங்கள் தாயாருக்கு 76 வயது. இரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் ஆகிய இரண்டையும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். உங்களுக்கும் அதே.

சிறுவிதை:

பொடி பற்றிக் கேட்டிருந்தீர்கள். வே புரதம் என்பது பாலாடைக்கட்டி செய்யும்போது பிரியும் நீரிலிருந்து எடுப்பது. அதில் மாயம் ஏதும் இல்லை, பால் புரதத்தின் ஒரு பகுதிதான். 30 கிராம் பொடியில் பொதுவாக 20 முதல் 24 கிராம் வரை புரதம் இருக்கும். சமைக்க நேரமில்லாதவருக்கு வசதி. சமைப்பவருக்கு அவசியமில்லை என்பது என் எண்ணம்.

வாங்குவதானால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆய்வகத்தில் பெரும்பாலும் நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்கித்தான் புரதத்தின் அளவைச் சொல்கிறார்கள். ஆகவே நைட்ரஜன் உள்ள மலிவான பொருள் எதைக் கலந்தாலும் புரதம் கூடியதுபோல் எண் காட்டும். 2008-இல் சீனாவில் பாலிலும் குழந்தைகளுக்கான பால் மாவிலும் நைட்ரஜன் மிகுந்த தொழிற்சாலை வேதிப்பொருளான மெலமைன் கலந்த கொடுமை இந்த ஓட்டையைப் பயன்படுத்தித்தான் நடந்தது. இன்றும் சில பொடிகளில் கிளைசின் போன்ற மலிவான அமினோ அமிலங்களைச் சேர்த்து எண்ணை உயர்த்துவதுண்டு. உட்பொருள் பட்டியலில் அவை தனியாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

தவிர, கடலையைப் புரதத்துக்காக மட்டும் உண்ணாதீர்கள். 30 கிராம் நிலக்கடலையில் 8 கிராம் புரதத்தோடு 170 கலோரியும் வருகிறது; அதில் பெரும்பகுதி கொழுப்பிலிருந்து. நல்ல உணவுதான், ஆனால் அது முதலில் எண்ணெய் வித்து. அதே சமயம், எடை குறைக்கிறேன் என்று மொத்த உணவையும் வெட்டிவிட்டால், உண்ணும் புரதத்தின் ஒரு பங்கை உடல் எரிபொருளாகச் செலவழித்துவிடும்.

காலைவெயில்:

அனைவருக்கும் நன்றி. தராசு சொன்னபடி நேற்று நிறுத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் நால்வருக்குக் குக்கரில் போவது சரியாக 200 கிராம் உலர்ந்த பருப்பு. என் பங்கு 50 கிராம், அதில் புரதம் 12. நான் எழுதி வைத்திருந்ததோ 48! ஆக 74 என்பது 38 ஆகச் சுருங்கிவிட்டது. அரிசி 120 கிராமுக்கு 8, கோதுமை மாவு 80 கிராமுக்கு 10 என்று சேர்த்த பின்னர் 56 வந்தது. இழக்காமல் இருக்கப் போதும். ஏற்றம் ஏன் நின்றுபோனது என்பதும் ஓரளவு விளங்குகிறது.

நாளை முதல் காலையில் பாலோடு இரண்டு முட்டை. நண்பகல் சோற்றில் ஒரு பகுதியைக் குறைத்து, கொழுப்பு நீக்கிய சோயா உருண்டை 30 கிராம். அதில் பாதிக்குப் பாதி புரதம் என்பதால் 15 கிராம் கிடைக்கும் (இந்த முறை உலர்ந்த நிலையில்தான் நிறுத்தேன்). குறைத்த சோற்றைக் கழித்தாலும் 80-ஐத் தாண்டுகிறது. பொடி வாங்கவில்லை. இருவருக்கும் பரிசோதனைக்கு நாள் குறித்தாயிற்று.

ஓர் ஐயம் மட்டும். கொலஸ்டிரால் பயத்தில் அம்மா மஞ்சள் கருவை எடுத்துவிட்டு வெள்ளைக் கருவை மட்டும் உண்கிறார். புரதம் முழுவதும் வெள்ளைக் கருவில்தானே இருக்கிறது?

தராசு:

முழுவதும் இல்லை. ஒரு முட்டையின் 6 கிராமில் ஏறத்தாழ மூன்றரை வெள்ளைக் கருவில், மீதி மஞ்சளில். உணவு குறைந்துபோன ஒருவரிடமிருந்து அந்த மீதியையும், அதோடு வரும் வைட்டமின்களையும் எடுத்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பரிசோதனைக்குப் போகும்போது கொலஸ்டிராலையும் பார்த்துவிட்டு மருத்துவரிடம் கேளுங்கள். அவர் தடுக்காவிட்டால் முழு முட்டையாகவே கொடுங்கள், நன்றாக வேகவைத்து. பச்சை முட்டையில் புரதம் அவ்வளவு நன்றாகச் செரிப்பதில்லை; பாலில் அடித்துக் குடிப்பதை அவர் கேட்டாலும் வேண்டாம்.