நியூ யாங்கி வொர்க்‌ஷாப் மீண்டும் காணக் கிடைக்கிறது: நம் தேக்கில் எப்படிச் செய்வது?

தேக்குப்பலகை, ரங்கூன்

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் 1989 முதல் 2009 வரை வந்த ‘தி நியூ யாங்கி வொர்க்‌ஷாப்’ என்னும் தச்சு நிகழ்ச்சியின் பழைய பகுதிகள் இப்போது யூடியூப்பில் முழுமையாகக் கிடைப்பதை உங்களில் பலரும் கவனித்திருப்பீர்கள். அதை நடத்திய தச்சர் நார்ம் ஏப்ரம் எங்கோ இருக்கும் பழைய மேசையையோ பெட்டியையோ தேடிச் சென்று, அதன் இணைப்புகளைக் குனிந்து பார்த்து அளந்துகொண்டு, பட்டறைக்குத் திரும்பி அதே போன்ற ஒன்றை அரை மணி நேர நிகழ்ச்சிக்குள் செய்து நிறுத்தும் நேர்த்தியை மறுபடி பார்ப்பதில் எனக்குள்ள மகிழ்ச்சி சொல்லி மாளாது. புதிய பகுதிகள் எடுக்கப்படவில்லை என்றாலும் இதுவே எனக்குப் போதும்.

என் அக்காள் மகன் தச்சுவேலை பழக விரும்புகிறான். அந்தத் தொடரின் முதல் பகுதியில் செய்யப்பட்ட மருந்து அலமாரியையே நாங்கள் இருவரும் தேக்கில் செய்யலாம் என்று எண்ணியிருக்கிறோம். ஆனால் நார்மிடம் உள்ள மேசை ரம்பமோ, பிஸ்கட் (இரு பலகைகளின் வெட்டுகளுக்குள் பசையுடன் செருகும் மெல்லிய மரத்துண்டு) இணைப்பு வெட்டும் இயந்திரமோ, காற்றழுத்தத்தில் ஆணி அடிக்கும் கருவியோ எங்களிடம் இல்லை. மின்சாரமும் எப்போது வரும், எப்போது போகும் என்று உறுதியில்லை. அவர் செய்வதை அப்படியே பின்பற்ற முடியாத நிலையில் எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது?

உளிப்பிடி, மோல்மேன்

வேலையின் வரிசையை நார்மிடம் கற்றுக்கொள்ளுங்கள். கைவேலையை ராய் அண்டர்ஹில்லிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. அவர் நடத்திய ‘தி வுட்ரைட்ஸ் ஷாப்’ 1979இல் வட கரோலினாவில் தொடங்கி 2017 வரை வந்த நிகழ்ச்சி. மின்கருவி ஒன்றுகூட அதில் கிடையாது. பெரும்பாலும் வெட்டி ஒட்டாமல் ஒரே மூச்சில் படமாக்கியதால், வாள் எங்கே தயங்குகிறது, கை எப்போது களைக்கிறது என்பதெல்லாம் மறைக்கப்படாமல் தெரியும். மின்வெட்டு உள்ள ஊரில் இருக்கும் நமக்கு இதைவிடப் பொருத்தமான ஆசிரியர் கிடைப்பது அரிது.

நார்ம் பிஸ்கட் வைத்து ஒட்டும் இடங்களில் நீங்கள் கழுந்தும் துளையுமாக, அதாவது ஒரு பலகையின் முனையில் செதுக்கிய முளை மற்றதன் துளைக்குள் புகும்படி, இணையுங்கள். பென்சில் கோட்டை நம்பாமல் கூரிய கத்தியால் கீறிக்கொண்டால், அந்தக் கீறலிலேயே உளியின் முனை தானாக உட்கார்ந்துகொள்ளும். துளையை ஒரு பக்கத்திலிருந்து முழு ஆழமும் வெட்டாமல் பாதி வந்ததும் பலகையைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து வெட்டுங்கள். இல்லாவிட்டால் உளி வெளியேறும் இடத்தில் தேக்கு சிராய் சிராயாகப் பிய்ந்துவிடும். கழுந்து கையால் அழுத்தினால் உள்ளே போக வேண்டும். சுத்தியலால் அடித்துத்தான் இறங்குகிறது என்றால் இன்னும் ஒரு சீவல் எடுக்க வேண்டும். பையனை முதல் சில நாட்கள் இழைப்புளி தீட்டவும் வாளை நேராக இழுக்கவும் மட்டுமே விடுங்கள். அலமாரி எங்கும் ஓடிவிடாது.

மரவாடிக் கணக்கு, பெகு

அளவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவிலும் அடி, அங்குலம். நம் பர்மாவிலும் தச்சர்கள் அடி, அங்குலத்தில்தான் பேசுகிறார்கள் என்பதால் வரைபடத்தை மாற்றியெழுதும் தொல்லை நமக்கு இல்லை. மரத்தின் கொள்ளளவில்தான் கவனம் வேண்டும். அவர்கள் போர்டு அடியில், அதாவது ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அங்குலக் கனம் உள்ள மரத்தை ஒன்றாகக் கொண்டு, எண்ணுகிறார்கள். 12 போர்டு அடி சேர்ந்தால் ஒரு கன அடி. நம் மரவாடியில் அறுத்த மரம் ஒரு டன் என்றால் 50 கன அடி, அதாவது 600 போர்டு அடி. அவர்கள் ஒரு அங்குலப் பலகை என்று சொல்வது கடையில் வாங்கும்போதே முக்கால் அங்குலமாக இழைக்கப்பட்டிருக்கும். நமக்குக் கிடைப்பது ரம்பத்திலிருந்து வந்த பலகை. ஆகவே முக்கால் அங்குலம் வேண்டுமானால் ஒரு அங்குலத்துக்குச் சற்றும் குறையாத பலகையாகப் பார்த்து, வெளிறு (மரத்தின் வெளிப்புற மென்பகுதி) தவிர்த்து வைரம் பாய்ந்த பகுதியாகத் தேர்ந்தெடுங்கள்.

தேக்கைப் பற்றி இன்னொன்று. அதில் எண்ணெய்ப்பசை இருப்பதால், முந்தின நாள் இழைத்து வைத்த முகத்தில் வெள்ளைப் பசை சரியாகப் பிடிக்காது. ஒட்டுவதற்குச் சற்று முன்னர் இழையுங்கள், அல்லது அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துவிட்டு உடனே ஒட்டுங்கள். மரத்துக்குள் இருக்கும் மணற்சத்து உளியின் கூரை விரைவில் மழுக்கிவிடும் என்பதால் தீட்டுக்கல் பக்கத்திலேயே இருக்கட்டும். தேக்குத் தூள் சிலருக்கு மூக்கிலும் தோலிலும் அரிப்பு தரும். முகக்கவசம் அணிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

சீவல்சுருள், தட்டோன்

உளிப்பிடி அண்ணன் சொன்னதில் எனக்குப் பெரும்பகுதி உடன்பாடு. ஆயினும் நார்மின் இயந்திரங்களை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. தச்சு தெரியாத பலருக்கு இது நம்மாலும் ஆகும் என்ற துணிவைக் கொடுத்தது அவருடைய நிகழ்ச்சிதான். அதை உருவாக்கி இயக்கிய ரசல் மொராஷ் 2024இல் மறைந்தார். நேயர்களை மதித்து, ஒரு படியையும் விழுங்காமல் காட்டிய அந்த ஒழுங்குக்கு அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

பிற்பாடு இயந்திரம் வாங்கும் எண்ணம் இருந்தால் ஒன்றை மறக்க வேண்டாம். நிகழ்ச்சியில் ஓடுபவை 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் கருவிகள். நம் நாட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்மாற்றி வைத்தால் வோல்ட் சரியாகும், ஹெர்ட்ஸ் மாறாது. மேசை ரம்பத்தின் இண்டக்‌ஷன் மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், சூடும் ஏறும். மரம் அறுக்கும்போது பாதுகாப்புக் கண்ணாடி அணிவதைவிட முக்கியமான விதி இல்லை என்று நார்ம் ஒவ்வொரு பகுதியிலும் சொல்வதைக் கைக்கருவி வேலைக்கும் கடைப்பிடியுங்கள்.

தேக்குப்பலகை, ரங்கூன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கழுந்து இணைப்பையே எடுத்துக்கொள்கிறோம். இன்னும் ஒரு ஐயம்: இப்போது மழைக்காலம். அலமாரிக் கதவின் நடுப்பலகையைச் சட்டத்தின் காடிக்குள் (பலகையின் ஓரம் செருகும் பள்ளத்துக்குள்) இறுக்கமாகவே பொருத்தலாமா, இடைவெளி விட வேண்டுமா?

மரவாடிக் கணக்கு, பெகு

இப்போது பலகை ஈரத்தை உறிஞ்சிப் பருத்திருக்கும். வெயில் காலத்தில் சுருங்கும். பச்சை மரம் முற்றிலும் காயும்போது அமெரிக்கச் சிவப்பு ஓக் மரத்தின் வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில் ஏறத்தாழ 8.6 விழுக்காடு சுருங்கும். தேக்கு ஏறத்தாழ 5.8 விழுக்காடுதான். அவ்வளவு அமைதியான மரம் என்றாலும் நடுப்பலகைக்குப் பசை போடவே வேண்டாம். மழையில் செய்வதால் பக்கவாட்டில் மிகச் சிறிய இடைவெளி போதும், ஆனால் காடியை ஆழமாக எடுங்கள். பங்குனி, சித்திரையில் பலகை சுருங்கினாலும் அதன் ஓரம் காடியை விட்டு வெளியே வராது. சட்டத்தில் பொருத்துவதற்கு முன்பே நடுப்பலகையின் ஓரங்களுக்கு வார்னிஷ் அடித்துவிடுங்கள். பின்னர் சுருங்கும்போது பூசாத வெள்ளைக் கோடு வெளியே தெரியாது.