அப்டேட்டுக்கு அப்புறம் 8 ஜிபி ரேமில் 2.9தான் வேலை செய்கிறது, என்ன செய்யலாம்?

குமுளி கணக்கன்:
குமுளியில் ஒரு ஏலக்காய் கடையில் கணக்கு எழுதுகிறேன், வீடு மலைக்குக் கீழே கூடலூரில். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு ஆதரவை நிறுத்திவிட்டார்கள் என்று கடை கம்ப்யூட்டரைப் போன வாரம் 11க்கு மாற்றினேன். எட்டாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம் ஸ்டிக் இரண்டு. இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது. இப்போது எக்செலில் பில் கணக்கைத் திறந்துவைத்துக்கொண்டு குரோமில் புத்தடி ஏலக்காய் ஏல விலையைப் பார்த்தால் போதும், மவுஸ்கூட நகராது. சிஸ்டம் விவரத்தில் 8 ஜிபி, பயன்படக்கூடியது 2.91 ஜிபி என்று இருக்கிறது. சர்வீஸ் கடைக்காரர் போனிலேயே ரேம் போச்சு, புதுசு போடணும் என்கிறார். ரேம் விற்கிற விலைக்கு முதலாளியிடம் எந்த முகத்தோடு கேட்பது?

போடி தம்பி:
அண்ணே, காசு கொடுக்காதீங்க. மழை ஈரத்தில் ஸ்டிக் காலில் கறை பிடிக்கும், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஸ்டிக்கைக் கழற்றி, பென்சில் ரப்பரால் அந்தத் தங்கநிறப் பட்டையை லேசாகத் தேய்த்து, இரண்டு பக்கக் கொக்கியும் டக்கென்று விழும்வரை அழுத்திப் போடுங்க. எங்கள் கடையில் பாதி கேஸ் இதில்தான் தீரும்.

செங்கோட்டை அக்கா:
தம்பி சொல்வது சரிதான், ஆனால் அதற்கு முன்னால் ஒன்று பாருங்க. ஒரு ஸ்டிக் அடியோடு போயிருந்தால் மொத்தமே 4 ஜிபி என்றுதான் காட்டும், உங்களுக்கு 8 என்று தெரிகிறதே! ரெண்டு ஸ்டிக்கும் கண்ணுக்குத் தெரிகிறது, விண்டோஸ் கைக்குத்தான் வரவில்லை. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி போய் ஹார்டுவேர் ரிசர்வ்டு, அதாவது விண்டோஸுக்குக் கொடுக்காமல் ஒதுக்கிவைத்தது, எவ்வளவு என்று பாருங்க. சில நூறு எம்பி சகஜம், ஜிபி கணக்கில் இருந்தால் கோளாறு. அப்புறம் ரன்னில் எம்எஸ்கான்ஃபிக் (msconfig) அடித்து பூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். அங்கே மேக்ஸிமம் மெமரியில் டிக் இருக்கா? விண்டோஸ் இவ்வளவு ரேமுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று கட்டிப்போடுவது அது. இருந்தால் எடுத்துவிடுங்க, 8192 என்று எழுதிவைக்காதீங்க, டிக்கே இருக்கக் கூடாது. ரீஸ்டார்ட் பண்ணிவிட்டுச் சொல்லுங்க. அதுவும் இல்லையென்றால்தான் ரப்பர்.

குமுளி கணக்கன்:
அக்கா, ஹார்டுவேர் ரிசர்வ்டு 5.1 ஜிபி! உள்ளே போய்ப் பார்த்தால் டிக் போட்டு 4096, அதாவது 4 ஜிபி, என்று இருக்கிறது. நான் அந்தப் பக்கமே போனதில்லை. விசாரித்தால் மச்சினன் ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தவன் 'ஸ்பீடு கூட்டுவது எப்படி' வீடியோ ஒன்றைப் பார்த்துச் செய்தானாம். நான் அப்டேட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். டிக்கை எடுத்தேன், இப்போது 7.8 காட்டுகிறது. ஆனால் ஒன்றும் திறக்காமலே 3 ஜிபி போகிறதே, இதுவும் கோளாறா?

செங்கோட்டை அக்கா:
இல்லை, 11க்கு அது வாடிக்கை. அது போக, சும்மா கிடக்கிற ரேமில் அடிக்கடி திறப்பதை அதுவே எடுத்துவைத்துக்கொள்ளும், கேட்டால் விட்டுவிடும். ஸ்டார்ட்அப்பில் வேண்டாததை மட்டும் அணைத்துவிடுங்க. நாள் போகப்போக ஏறிக்கொண்டே போனால் ஷட்டவுன் பண்ணாமல் ரீஸ்டார்ட் பண்ணுங்க, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும்போது ஷட்டவுனில் விண்டோஸின் உட்கருவான கெர்னல் புதிதாகத் தொடங்குவதில்லை.

போடி தம்பி:
மச்சினனுக்கு அட்மின் இல்லாத தனி அக்கவுண்ட் போட்டுக்கொடுங்கண்ணே.