ஜூ-ப்ராஜெக்ட்டில் ஓடிபி சேவை: முழு டைல் கொடுத்தா 504, என்டிவிஐ-யும் குறையுது

கொழிஞ்சாம்பாறை ஜிஐஎஸ்:
உபுண்டு, 8 ஜிபி ரேம், அப்பாச்சி, அதுக்கு முன்னாடி என்ஜின்எக்ஸ். செயற்கைக்கோள் படங்களை அலசுற ஓர்ஃபியோ டூல்பாக்ஸில் (ஓடிபி) பேண்டுகளை வச்சுக் கணக்குப் போடுற பேண்ட்மேத்தை, ஜூ-ப்ராஜெக்ட் சர்வர் வழியா டபிள்யூபிஎஸ் (வெப்பில் கணக்கு ஓட்டுற தரநிலை) சேவையா வச்சிருக்கேன். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் மட்டும் வெட்டிக் கொடுத்தா உடனே என்டிவிஐ (தாவரப் பசுமைக் குறியீடு) வருது. சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தின் முழு டைல் (ஒரு சதுரத் துண்டு) கொடுத்தா 504 (நேரம் கடந்துட்டதுங்கிற பிழை). இன்னொண்ணு: அதே தென்னந்தோப்புக்கு 2021 படத்தில் 0.82, 2023 படத்தில் 0.56. மரமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எங்கே கோளாறு?

சித்தூர்ப்புழை:
504 கொடுக்கிறது என்ஜின்எக்ஸ். பின்னாலிருந்து 60 நொடி பதில் இல்லேன்னா கையை விரிச்சிடும். நேரத்தைக் கூட்டிக்கிட்டே போகாதீங்க, அசிங்க்ரனஸா ஓட்டுங்க. டபிள்யூபிஎஸ் 1.0.0-ன்னா ஸ்டோர்எக்ஸிக்யூட்ரெஸ்பான்ஸ், ஸ்டேட்டஸ் ரெண்டையும் ட்ரூ ஆக்கணும். சேவையோட அமைப்புக் கோப்பான இசட்சிஎஃப்ஜி-யிலும் அந்த ரெண்டுக்கும் ஆதரவு ட்ரூன்னு இருக்கணும். உடனே ஒரு ஸ்டேட்டஸ் முகவரி வரும், வேலை பின்னணியில் ஓடும். அந்த முகவரி 404 காட்டினா, ஜூ-ப்ராஜெக்ட்டோட மெயின் சிஎஃப்ஜி-யில் டெம்ப்பாத்தும் (தற்காலிகக் கோப்புகளோட இடம்) டெம்ப்யூஆர்எல்லும் (அதோட வெப் முகவரி) ஒரே ஃபோல்டருக்குத்தான் போகுதான்னு பாருங்க.

ஒரு டைல் 10980 × 10980 பிக்சல். ஃப்ளோட் 32-ல் ஒரே விடை 482 எம்பி. பழசை அழிக்க ஒரு க்ரான் (குறிச்ச நேரத்தில் தானா ஓடுற வேலை) போட்டு வைங்க. ஓடிபி-யின் ரேம் அளவு இயல்பா 256 எம்பி. அதை 4 ஜிபி ஆக்கினா ரெண்டு பேர் சேர்ந்து கேட்டாலே மெஷின் படுத்துடும். மாத்துறதா இருந்தா மெயின் சிஎஃப்ஜி-யின் என்வ் பகுதியில் எழுதுங்க. டெர்மினலில் எக்ஸ்போர்ட் பண்ணது அப்பாச்சிக்குப் போகாது.

பேண்டு எட்டு:
தோப்பு மேல குத்தமில்லை. 2022 ஜனவரி 25-ல் வந்த ப்ராசஸிங் பேஸ்லைன் (படத்தைத் தயாரிக்கிற முறையோட பதிப்பு) 04.00 முதல் பிக்சல் மதிப்போட 1000 கூட்டித்தான் ஐரோப்பிய விண்வெளி நிறுவனமான ஈசா தருது. அதைக் கழிச்சிட்டுத்தான் 10000-ஆல வகுக்கணும். சிவப்பு 0.04, அகச்சிவப்பு 0.40-ன்னு வைங்க. என்டிவிஐ-ன்னா ரெண்டோட வித்தியாசத்தைக் கூட்டலால வகுக்கிறது. பேண்டு மதிப்பு 400, 4000; 3600-ஐ 4400-ஆல வகுத்தா 0.82. கழிக்காம விட்டா பேண்டு மதிப்பு 1400, 5000. 3600-ஐ 6400-ஆல வகுத்தா நீங்க சொன்ன அதே 0.56. மேலே வித்தியாசம் மாறாது, கீழே கூட்டல் 2000 ஏறிடுது. 0 மட்டும் தரவில்லாத இடம், அதைத் தொடாதீங்க.

தேதியை வச்சு நிபந்தனை எழுதிடாதீங்க. பழைய படங்களையும் பின்னாடி 05.00-ல் மறுபடி ப்ராசஸ் பண்ணி விட்டிருக்காங்க, அதிலும் 1000 உண்டு. கோப்புப் பெயரில் 'என்' எழுத்துக்கு அடுத்த நாலு இலக்கத்தைப் பாருங்க. 0400-ம் அதுக்கு மேலும்னா கழிக்கணும். கிளவுட் தொகுப்பிலிருந்து எடுத்தா மெட்டாடேட்டாவையும் படிங்க, சில இடத்தில் முன்னமே கழிச்சு வச்சிருப்பாங்க.

கொழிஞ்சாம்பாறை ஜிஐஎஸ்:
கழிச்சதும் சரியாயிடுச்சு, நன்றிங்க. ஜூலை படத்தில் எஸ்சிஎல் (ஒவ்வொரு பிக்சலும் என்ன வகுப்புன்னு எண்ணால சொல்ற அடுக்கு) வச்சு மேகத்தை மறைக்கிறேன். மேகத்தைச் சுத்தி வளையமா தண்ணீர் காட்டுதே?

பேண்டு எட்டு:
20 மீட்டர் எஸ்சிஎல்லை ஓடிபி-யின் சூப்பர்இம்போஸில் 10 மீட்டர் ஆக்குறீங்களா? அதோட இயல்புநிலை பைக்யூபிக், பக்கத்துப் பிக்சல் மதிப்புகளைக் கலந்துடும். 4 தாவரம், 8 மேகம். ரெண்டும் கலந்தா நடுவில் 6, அது தண்ணீர் வகுப்பு. இன்டர்பொலேட்டரை என்என்-னு (கிட்டத்துப் பிக்சல் மதிப்பை அப்படியே எடுக்கிறது) மாத்துங்க. மறைக்கும்போது மேக வகுப்புகளான 8, 9, 10-ஓட 3-ஐயும் சேருங்க. அது மேக நிழல். நிழலில் கிடக்கிற நெல்வயலோட என்டிவிஐ-யை நம்ப முடியாது.