நடுவுல இருந்து எண்ணி ஆறாவது பல்லு

காங்கயம் பக்கத்துல தொடக்கப் பள்ளி டீச்சருங்க நான். மூணாப்புப் பொண்ணு ஒருத்தி மத்தியானம் சத்துணவு முட்டையைக்கூட ஒரு பக்கமாவே மென்னுக்கிட்டு இருந்தா. வாயைத் தொறக்கச் சொல்லிப் பார்த்தா, கீழ்த்தாடையில கடைசிப் பல்லு நடுவுல கறுப்பா குழி. அதுக்குள்ள புகையிலைத் துணுக்கு! வலிக்கு அம்மாயி வெச்சு விட்டாங்களாம்.

அவங்கம்மாவை வரச்சொன்னேன். "பால் பல்லு தானுங் டீச்சர், விழுந்து மொளைச்சுக்குமுங்"னாங்க.

அது பால் பல்லே இல்லீங்க. 6 வயசு வாக்குல, எந்தப் பல்லும் விழாம, பால் பல் வரிசைக்குப் பின்னாடி சத்தமில்லாம ஒரு கடவாய்ப்பல் முளைக்கும். மேல 2, கீழ 2. சாகற வரைக்கும் இருக்க வேண்டிய பல்லு அது, போச்சுன்னா மறுபடி முளைக்காது. பல்லு எதுவும் விழாததால புதுப்பல் வந்ததே வீட்டுல தெரியறதில்ல. முளைக்கிறப்ப மத்த பல்லைவிடத் தாழ்வா இருக்கும், பிரஷ் அதுமேல படாமயே போயிரும். மேல்பக்கம் வேற பள்ளம் பள்ளமா இருக்கறதால பன்னு, பிஸ்கட்டு மாவு அப்படியே ஒட்டிக்கும். கண்டுபிடிக்கறது சுலபம்: முன்பல் நடுவுல இருந்து பின்னாடி எண்ணிட்டுப் போங்க, ஆறாவது பல்லு. குழி விழறதுக்கு முன்னாடியே கூட்டிட்டுப் போனா அந்தப் பள்ளத்தைப் பல் டாக்டர் பூசி அடைச்சு விட்டுருவாங்க.

எங்க பசங்க அப்பா அம்மா பல பேரு தறிக்குப் போறவங்க. நைட் ஷிப்டுன்னா புள்ளைக பன்னைத் தின்னுட்டு அப்படியே தூங்கிரும். தூங்கறப்ப எச்சில் ஊறறது கொறஞ்சிரும், வாயில ஒட்டுனதைக் கழுவி விட ஒண்ணும் இருக்காது. காலையில வெளக்கறதைவிட ராத்திரி வெளக்கறது தான் முக்கியம்னு நான் திரும்பத் திரும்பச் சொல்றது இதனால தான்.

பள்ளிக்கு வர்ற மருத்துவக் குழு அந்தப் பொண்ணைப் பார்த்து ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் குடுத்தாங்க. ஒரு நாள் கூலி போயிருமேன்னு அந்தச் சீட்டு பைக்குள்ளயே கெடந்துச்சு. கடைசியில கன்னம் வீங்குன பொறவு தான் போனாங்க, பல்லைப் புடுங்க வேண்டியதாப் போச்சு. எட்டு வயசுப் புள்ளைக்கு! எனக்கு இன்னும் ஆறல.

இன்னொண்ணு. முன்பல்லுல பழுப்புக் கோடு இருக்கற பசங்களைப் பார்த்து "பல்லே வெளக்கறதில்லையா"ன்னு திட்டாதீங்க. போர் தண்ணியில புளோரைடு அதிகமா இருந்தா, பல் உள்ளுக்குள்ள உருவாகறப்பவே வர்ற கறை அது. தேய்ச்சாப் போகாது. வெக்கப்பட்டு செங்கல் பொடி போட்டுத் தேய்ச்ச பையனோட ஈறெல்லாம் ரத்தம். ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல புளோரைடு இருக்கக் கூடாது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துல தண்ணியைக் குடுத்துப் பார்த்துக்கலாம். அதிகம்னு வந்தா, வீட்டுல சின்னக் கொழந்தைக இருந்தா அந்தத் தண்ணியைக் குடிக்கவும் சமைக்கவும் வேண்டாமுங்க. காய்ச்சினாலும் புளோரைடு போகாது.