பொருள்: கீவேர்டுக்கு நல்ல தமிழ்ச் சொல் வேண்டும், அவசரம்

குடியாத்தம் ஆசிரியை:
வணக்கம். எட்டாம் வகுப்புக்கு, இணையத்தில் தேடுவது பற்றி நாலு பக்கக் கையேடு எழுதுகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். தேடுபொறியில் தட்டுகிற சொல்லைத் 'திறவுச்சொல்' என்று எழுதினால், "மிஸ், பாஸ்வேர்டா?" என்கிறான் ஒருவன். கடவுச்சொல்லோடு குழம்புகிறது. வேறு சொல் உண்டா?

ராணிப்பேட்டை:
அம்மா, அதில் என்ன குறை? திறவுகோல் நம் சொல். 'சாவி'தான் போர்ச்சுகீசியர் விட்டுப்போனது.

ஆரணி:
ஐயா, திறவுகோலில் ஒற்று மிகவில்லை. திறவுச்சொல்லில் மட்டும் 'ச்' எங்கிருந்து வந்தது? 'தேடுசொல்' போதும். வினைத்தொகை, வம்பில்லை.

ராணிப்பேட்டை:
கடவுச்சொல்லுக்கு எங்கிருந்து வந்ததோ அங்கிருந்துதான். தேடுசொல் என்றால் தேடப்படும் சொல். நாம் சொல்லையா தேடுகிறோம்?

ஆரணி:
எழுதுகோல் என்றால் கோலையா எழுதுகிறோம்?

காட்பாடி:
எனக்குத் 'தேடுபொறி'யே உறுத்தல்தான். குறளில் 'பொறிவாயில்' என்றால் ஐம்பொறி. 'பொறியின்மை' என்ற இடத்தில் பரிமேலழகர் விதி என்கிறார். எங்கள் தெருவில் பொறி என்றால் எலிப்பொறி. அப்படிப் பார்த்தால் உள்ளே வைக்கிற கருவாட்டுத் துண்டுதான் நீங்கள் தேடும் சொல். 'இரைச்சொல்' என்று வையுங்களேன்!

குடியாத்தம் ஆசிரியை:
ஐயா, பிள்ளைகள் சிரித்தே பாடத்தை முடித்துவிடுவார்கள். எனக்குப் பயிற்சிப் பகுதிதான் கவலை. வெறும் 'வேலூர்' என்று தட்டினால் நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தி வேலூரும் வந்து நிற்கிறது. 'வேலூர் -பரமத்தி' என்று கழித்தல் குறி போட வேண்டும். குறிக்குப் பின்னால் இடைவெளி விடக் கூடாது. 1806 கிளர்ச்சியைத் தேட 'வேலூர்ப் புரட்சி' என்பதை இரட்டை மேற்கோளுக்குள் அடைத்தால், அந்தத் தொடர் அப்படியே உள்ள பக்கங்களைத்தான் தேடும்; ஒற்றில்லாமல் எழுதிய பக்கங்கள் தப்பிவிடலாம். இரண்டையும் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

ஆரணி:
ஆற்காடு, ஆர்க்காடு இரண்டையும் சேருங்கள். 1989-இல் மாவட்டத்தைப் பிரித்தார்கள் அல்லவா, அதற்கு முந்தைய எங்கள் ஊர்ச் செய்தி 'திருவண்ணாமலை மாவட்டம்' என்று தட்டினால் கிடைக்காது. 'வட ஆற்காடு' என்றுதான் தேட வேண்டும்.

காட்பாடி:
தேடுசொல்லுக்கே என் ஓட்டும். ஒற்றுச் சண்டை இல்லாத சொல், தேடவும் சுலபம்.

குடியாத்தம் ஆசிரியை:
சரி, தேடுசொல் என்றே கொடுத்துவிட்டேன். முதல் பக்கத்தில் மட்டும் 'அதாவது கீவேர்டு' என்று ஒரு வரி.

ராணிப்பேட்டை:
கொடுங்கள் அம்மா. என் வகுப்பில் திறவுச்சொல்தான். 'ச்' உண்டு.