மேல் வீட்டு நாய் குழாயைக் கடித்து எங்கள் சீலிங் ஊறிவிட்டது, செலவு யாருடையது?

கேள்வி: மேல் வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் அவர்கள் நாய் வாஷிங் மெஷின் குழாயைக் கடித்துவிட்டது. எங்கள் ஹால் சீலிங் பூச்சு விழுந்து, மர அலமாரியும் உப்பிப் போய்விட்டது. மேல் வீட்டுக்காரர் அபார்ட்மென்ட் சங்கத்தின் இன்சூரன்ஸைக் கேள் என்கிறார், சங்கமோ இது உங்கள் இருவர் விவகாரம் என்கிறது. யாரிடம் போவது?

பதில் 1: முதலில் சங்க விதிப் புத்தகத்தை எடுங்கள். எது பொதுப் பகுதி, எது உரிமையாளருடையது என்று அதில்தான் இருக்கும். பல வீடுகளுக்கும் போகும் பைப் என்றால் பெரும்பாலும் சங்கத்தின் பொறுப்பு, ஆனால் மெஷின் குழாய் அந்த வீட்டுக்காரருடையது. சங்கத்தின் பாலிசி பொதுவாகக் கட்டடத்துக்குத்தான், உங்கள் அலமாரிக்கு இல்லை. அப்புறம், பாலிசியில் முதலில் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை ஒன்று உண்டு, ரிப்பேர் அதைவிடக் குறைவாக வந்தால் க்ளெய்ம் போட்டும் பயனில்லை.

பதில் 2: உங்களிடம் வீட்டு இன்சூரன்ஸ் இருந்தால் இன்றே அவர்களிடம் சொல்லுங்கள், தாமதித்தால் மறுக்கலாம். பிறகு அவர்களே மேல் வீட்டாரிடம் வசூலிக்க முயல்வார்கள். போட்டோ எடுக்காமல் பூச்சை உடைக்காதீர்கள்!

பதில் 3: நானும் நாய் வளர்க்கிறேன். வளர்க்க அனுமதி இருப்பதாலேயே சேதத்துக்குப் பொறுப்பு போய்விடாது, அவர்தான் முன்வந்து கொடுக்க வேண்டும். அவர் பாலிசியில் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி இருக்கிறதா, அதில் நாயை விலக்கியிருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்: சரி, போட்டோ எடுத்துவிட்டேன். விதிப் புத்தகத்தைச் சங்கத்திடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன்.